ஆர்டிஸ் மிம்ஸின் விலாசம்

ஆர்டிஸ் மிம்ஸுக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் டயாலிசிஸ். மே மாதத்துப் பிரைமரித் தேர்தலும் செவ்வாய்க்கிழமையில்தான் வந்தது. ஹார்கெட் கவுண்டியில், அதாவது அந்த மாவட்டத்தில், நவம்பர் தேர்தல் பெயருக்குத்தான். எதிர்க்கட்சியில் யாரும் நிற்பதே இல்லை. கட்சிக்குள் யார் வேட்பாளர் என்று மே மாதம் தீர்மானமானால் போதும், அவர்தான் கவுண்டியை நிர்வகிக்கிற கமிஷனின் தலைவர். அந்த நாற்காலியில் பதினாறு வருஷமாக ஹார்லன் ட்ராமல் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை அவரை எதிர்த்து டெல்ஃபின் ரக்கர் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். கிழக்குப் பக்கத்து மண்ரோடுகளுக்குத் தார் போடாமல் பதினாறு வருஷம் ஓட்டிய மனுஷனை வீட்டுக்கு அனுப்பியே தீருவேன் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினாள்.

அன்று காலை பத்தே முக்காலுக்கு ஆர்டிஸ் கையில் கட்டோடு டயாலிசிஸ் நிலையத்தைவிட்டு வெளியே வந்தார். அவர் ‘டெல்’ என்று கூப்பிடுகிற மனைவி வெர்டெல் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“டெல், வீட்டுக்குப் போகாதே. நேரா ஓட்டுப் போட்டுட்டுப் போயிரலாம். படுத்தேன்னா எந்திரிக்க மாட்டேன்.”

“முகம் வெளுத்துக் கிடக்கு. சாயந்தரம் போனா ஆகாதா?”

“அம்பத்திரண்டு வருஷமா ஒரு தேர்தல் விட்டதில்லை. வண்டியை எடு.”

வழக்கமாக அவர்கள் ஓட்டுப் போடுகிற தீயணைப்பு நிலையம் வீட்டிலிருந்து ஒரு மைல். அந்த வருஷம் தேர்தல் வாரியம் அதை மூடிவிட்டது. புது வாக்குச்சாவடி கவுண்டி விளையாட்டு அரங்கம், பதினேழு மைல். போய்ச் சேர்ந்தபோது வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைத்துக் கார் நிறுத்துமிடம் வரை வந்திருந்தது. நிழல் என்று பேருக்கு ஒரு மரம்கூட இல்லை. முன்னால் நின்றவர் ஐஸ்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஆர்டிஸை உட்காரச் சொன்னார். வரிசை நகரும்போதெல்லாம் வெர்டெல் ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் புருஷனையும் நகர்த்தினாள். இரண்டு மணி நேரம், அதற்கு மேல் பத்து நிமிஷம்.

உள்ளே பதிவு மேஜையில் இருந்த பெண் கணினித் திரையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“மிஸ்டர் மிம்ஸ், உங்க பேரு வரலையே.”

“நல்லாப் பாரும்மா.”

“மிம்ஸ் வெர்டெல் இருக்காங்க. உங்க பேரை ஏப்ரல்ல நீக்கியிருக்காங்க. ‘அந்த விலாசத்துல குடியில்லை’ன்னு ஆட்சேபம் வந்திருக்கு.”

“அவளுக்கு எந்த விலாசம் போட்டிருக்கு?”

“அதே விலாசம்தான்.”

ஆர்டிஸ் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “டெல், அப்ப நாப்பத்தி நாலு வருஷமா நீ யாரோட குடும்பம் நடத்தினே?”

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேஜைப் பெண்ணும் சிரித்தாள். வெர்டெலுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அவளுக்குத்தானே தெரியும். ஒரு தற்காலிக ஓட்டுச் சீட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். எண்ணப்படும் என்று உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார்கள். அவர் எழுதிப் போட்டார். பதினேழு மைல் திரும்பி வந்தார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது, “என்னை இருக்கும்போதே இல்லாதவனாக்கிட்டானுங்க,” என்றார்.

ட்ராமல் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். தற்காலிகச் சீட்டுகள் ஒன்றுகூட எண்ணப்படவில்லை.

மறுவாரம் வெர்டெல் தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கவுண்டரில் இருந்த டானாவை ஆறு வருஷம் ஏற்றி இறக்கியிருக்கிறாள். டானா ஆட்சேபக் கோப்பை எடுத்துப் பிரதி போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் நீக்கப்பட்டவர்கள் எழுபத்தோரு பேர். அறுபத்து நாலு பேர் கிழக்குப் பக்கம், அத்தனையும் கறுப்பர்கள் குடியிருக்கிற வீடுகள். எழுபத்தோரு ஆட்சேபத்துக்கும் ஒரே கையெழுத்து: லாமர் ஷெல்நட். கடைவீதிக் கோடியில் டயர் கடை வைத்திருப்பவன். அவனையும் அவள்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளை. ஆர்டிஸின் பெயருக்கு நேரே எழுதியிருந்தது: “இரண்டு முறை நேரில் சென்று கதவைத் தட்டினேன். வீடு காலியாக இருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் இவர் கவுண்டியை விட்டு நிரந்தரமாகப் போய்விட்டதாகத் தெரியவந்தது. இது சத்தியம்.”

அக்கம்பக்கம்! அவர்கள் வீட்டுக்கு அரை மைல் சுற்றுவட்டத்தில் இருக்கிற ஒரே பக்கத்து வீட்டுக்காரர் காது கேட்காத மிஸ்டர் ஆக்லி.

என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. குளிர்காலத்தில் ஆர்டிஸ் ஆஸ்பத்திரிக்காக இரண்டு மாதம் மேக்கன் நகரத்தில் மகள் வீட்டில் இருந்தார். கடிதங்களை அங்கே திருப்பிவிடச் சொல்லித் தபால் ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படிக் கடிதங்களைத் திருப்பிவிட்டவர்களின் பட்டியலை எவனோ வாங்கி, கிழக்குப் பக்கத்துப் பெயர்களாகப் பொறுக்கியிருக்கிறான். விசாரணைக்கு வரச் சொன்ன நோட்டீசும் மேக்கனுக்கே போயிருக்கிறது; மகள் அதற்குள் வேறு வீடு மாறிவிட்டாள்.

டெல்ஃபின் கெடு முடிவதற்குள் வழக்குப் போட்டாள். ஆர்டிஸ் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். சாம்பல் நிற சூட்டை எடுத்து வெளியே மாட்டச் சொன்னார். தேர்தல் முடிந்து மூன்றாவது சனிக்கிழமை, டயாலிசிஸ் நாற்காலியிலேயே இதயம் நின்றது. அந்த சூட்டைத்தான் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள்.

ஓட்டு மறுத்ததால் அவர் சாகவில்லை. டாக்டர் சொல்லாமலே வெர்டெலுக்கு அது தெரியும். தெரிந்தும் என்ன? அவருடைய கடைசி மூன்று வாரத்தில் அவர் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். கடைசி மூன்று வாரத்தை அவர்கள் தின்றுவிட்டார்கள்.

அடக்கத்துக்கு ஹார்லன் ட்ராமல் வந்தார். எந்தச் சாவையும் விடாதவர் அவர். தேன் தடவிச் சுட்ட பன்றித் தொடை ஒன்றைச் சமையல்கட்டில் கொடுத்துவிட்டு, வரிசையில் வந்து வெர்டெலின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“மிஸ் வெர்டெல், நல்ல மனுஷன். இந்தக் கவுண்டிக்கே இழப்பு.”

வெர்டெல் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எந்தக் கவுண்டிக்கு, கமிஷனர்?”

“என்ன?”

“அவரு இங்க குடியில்லைன்னு சொன்னீங்களே. எந்தக் கவுண்டிக்கு இழப்புன்னு கேட்டேன்.”

ட்ராமலின் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “துக்கத்துல பேசுறீங்க. நான் தப்பா எடுத்துக்கல,” என்று கையை மெல்லப் பிரித்துக்கொண்டு போனார். அவர் கொண்டுவந்த தொடையை வெர்டெல் மிஸ்டர் ஆக்லியின் நாய்க்குப் போடச் சொன்னாள். அன்று அவள் அழவில்லை. அழுகை இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

டெல்ஃபின் அட்லாண்டாவிலிருந்து ஒரு வக்கீலம்மாவை அமர்த்தியிருந்தாள். அந்த அம்மா நிலைமையை உடைத்துச் சொன்னாள். “ஷெல்நட் நேர்ல போய்ப் பாத்தேன்னு சத்தியம் பண்ணிருக்கான். நாங்க இருந்தோம்னு ஆளுங்க சொன்னா, ‘நான் வந்தப்ப இல்லை’ம்பான். அவன் போகவே இல்லைன்னு அவன் வாயாலயே வரணும். வந்தா மொத்தப் பட்டியலும் விழுந்துரும்.”

“வரும்,” என்றாள் வெர்டெல்.

முதலில் அவள் எழுபத்தோரு பேரையும் தேடிப் போனாள். எந்த வளைவில் எந்தத் தபால்பெட்டி, எந்த வாசலில் எந்த நாய் என்பது அவளுக்கு மனப்பாடம். ஐம்பத்தெட்டுப் பேர் அதே விலாசத்தில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி படுத்த படுக்கையாக இருப்பவள். ஒன்பது வருஷமாக அந்த வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை; அவள் கடிதங்களைத்தான் மகன் தன் வீட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தான். “லாமர் ஷெல்நட் உங்க கதவைத் தட்டினானா?” என்று எல்லோரிடமும் கேட்டாள். ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. எல்லோரிடமும் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு மறுபடியும் டானாவிடம் போய், ஆட்சேபம் எழுதுகிற வெற்றுப் படிவம் ஒன்று வாங்கினாள்.

ஜூலை மாதம் ஒரு மத்தியான வேளை டயர் கடைக்குப் போனாள். லாமர் ஒரு பிக்கப் வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாற்பத்தொரு வயது, சிவந்த கழுத்து, எண்ணெய்ப் பிசுக்கான துணி தோளில். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“மிஸ் வெர்டெல். உங்க வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டேன். மன்னிக்கணும்.”

“எதுக்கு மன்னிக்கணும்?”

அவன் துணியால் கையைத் துடைத்தான். “செத்துப் போனதுக்கு.”

“அதை நீ பண்ணலை. நீ பண்ணினது வேற.” கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து டயர் அடுக்கின் மேல் விரித்தாள். “படி. சத்தமாப் படி.”

அவன் குனிந்து பார்த்தான். முதல் வரியிலேயே அவன் அம்மாவின் பெயர் இருந்தது.

“கண்ணு தெரியலையா? நான் சொல்றேன். ‘இமோஜீன் ஷெல்நட். இரண்டு முறை நேரில் சென்று கதவைத் தட்டினேன். வீடு காலியாக இருந்தது. இவர் கவுண்டியை விட்டு நிரந்தரமாகப் போய்விட்டதாகத் தெரியவந்தது.’ உங்க அம்மா அடுத்த கவுண்டி முதியோர் இல்லத்துல ரெண்டு வருஷமா இருக்காங்க. தபால் ஓட்டுச்சீட்டு மட்டும் பழைய வீட்டு விலாசத்துக்கு வருது. நீ எடுத்துட்டுப் போய்க் குடுக்கறே.”

“அது சட்டப்படி சரி! அவங்க திரும்பி வரணும்னுதான் இருக்காங்க. வீடு அப்படியே இருக்கு, கட்டில்கூட எடுக்கல.”

“ஆர்டிஸும் திரும்பி வரணும்னுதான் போனாரு. வந்தும் சேந்தாரு. வாசல்ல உக்காந்திருந்தாரு, நீ வந்திருந்தா பாத்திருப்பே.”

“எங்கம்மா பள்ளிக்கூட அடுக்களையில உங்களுக்கு இருபது வருஷம் சோறு போட்டாங்க, மிஸ் வெர்டெல்.”

“தெரியும். எனக்கு மட்டும் பிஸ்கட் ஒண்ணு அதிகமா வைப்பாங்க. அதனாலதான் இது இன்னும் என் பையில இருக்கு, ஆபீஸ்ல இல்லை. கோர்ட்டுக்கு நாள் குறிச்சிருக்கு, பதினெட்டாம் தேதி. நீ எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினே, பட்டியலை யாரு குடுத்தாங்கன்னு அன்னிக்குச் சொல்லணும். பொய் சொன்னேன்னா, பத்தொம்பதாம் தேதி காலையில எட்டரைக்கு இது போயிரும். இல்லத்துக்கு நோட்டீஸ் போகாது, காலி வீட்டுக்குத்தான் போகும். விசாரணைக்கு அவங்க வரமாட்டாங்க. நவம்பர்ல நீ சீட்டுக் கேட்டுப் போனா, உங்கம்மா இல்லைம்பாங்க. இல்லத்துக்குப் போய் அவங்ககிட்ட நீயே சொல்லு.”

அவன் கண் கலங்கிவிட்டது. “இப்படிப் பண்ணுவீங்களா? ஒரு கிழவிக்கு?”

“பண்ணுவேன்,” என்றாள். சொன்ன பிறகு அது உண்மைதான் என்று அவளுக்கே தெரிந்தது. அதற்காகக் காகிதத்தை மடக்கும் கை நிற்கவில்லை. “உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வாசகமே உன்னுதுதான்.”

பதினெட்டாம் தேதி கோர்ட்டில் உட்கார இடமில்லை. வெளியூரிலிருந்து ஒரு நீதிபதி வந்திருந்தார். உள்ளூர் நீதிபதி ட்ராமலோடு மீன் பிடிக்கப் போகிறவர் என்பதால் விலகிக்கொண்டார். ஐம்பத்தெட்டுப் பேரில் நாற்பத்தொரு பேர் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ட்ராமல் முன் வரிசையில் காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு இருந்தார்.

லாமரைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை.

“எழுபத்தோரு வீட்டுக்கும் ரெண்டு ரெண்டு தடவை போனீங்களா?”

லாமர் தண்ணீர் குடித்தான். ட்ராமலைப் பார்த்தான். பிறகு வெர்டெலைப் பார்த்தான்.

“இல்லை.”

“எத்தனை வீட்டுக்குப் போனீங்க?”

“ஒண்ணுக்கும் போகல. பட்டியல் எழுதியே வந்துச்சு. கமிஷனர் வீட்டு அடுக்களையில வச்சுக் கையெழுத்துப் போட்டேன். கவுண்டி வண்டிக்கெல்லாம் டயர் என் கடையிலதான் வாங்குவேன்னாரு.”

ட்ராமலின் கால் கீழே இறங்கியது. அவருடைய வக்கீல் துள்ளி எழுந்தார். “ஷெல்நட், இப்படிச் சொல்லச் சொல்லி உன்னை யாராவது மிரட்டினாங்களா?”

“மிஸ் மிம்ஸ் ஒரு காகிதம் காட்டினாங்க.”

கோர்ட்டில் சலசலப்பு. நீதிபதி அந்தக் காகிதத்தைக் கேட்டார். வக்கீலம்மாவுக்கு இது தெரியாது. வெர்டெல் அவளிடம் சொல்லவே இல்லை. அந்த அம்மாவின் முகம் சுண்டியது. வெர்டெல் எழுந்து நடந்து போய் மேஜையில் வைத்தாள். நீதிபதி அதைப் படித்தார். பக்கத்தில் ஆர்டிஸ் பெயர் இருந்த காகிதத்தை வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

“கையெழுத்து உங்களுடையதா?”

“ஆமாங்க.”

“இதுல எழுதினது பொய்னு தெரிஞ்சு எழுதினீங்களா?”

“ஆமாங்க. ஆனா நான் சத்தியம் பண்ணலை, ஆபீஸ்ல குடுக்கவும் இல்லை. அவங்க ரெண்டும் பண்ணினாங்க.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இது சரியான காரியம் இல்லை, மிசஸ் மிம்ஸ்.”

“தெரியுங்க.”

“இனி இது கோர்ட்டு வசம் இருக்கும்,” என்று சொல்லி அதைக் கோப்புக்குள் வைத்தார். பிறகு சாட்சியின் பக்கம் திரும்பி, “மிரட்டினது இருக்கட்டும். இப்ப நீங்க சொன்னது உண்மையா, பொய்யா?” என்றார்.

“உண்மை. ஒரு வீட்டுக்கும் போகல,” என்றான் லாமர்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. தேர்தல் செல்லாது, எழுபத்தோரு பேரையும் பட்டியலில் திரும்பச் சேர்த்து, தீயணைப்பு நிலையத்தையும் திறந்து, ஆகஸ்டில் மறுபடி பிரைமரி. ஆர்டிஸின் பெயரைச் சேர்த்து, மறுநாளே இறந்தவர் என்று முறைப்படி நீக்கினார்கள். நீக்கிய அந்த நோட்டீஸ் இந்தத் தடவை சரியான விலாசத்துக்கு வந்தது. வெர்டெல் அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

ஆகஸ்டு வரை அவள் சும்மா இருக்கவில்லை. சர்ச்சின் பழைய வேனை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் முழுக்கச் சுற்றினாள். யாராவது “ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது” என்றால், “ஒம்போதுல ஆச்சே, பாக்கலையா? ஏறு வண்டியில,” என்பாள். ட்ராமல் தன் பெயர்ப் பலகைகளை ரோடு நெடுக நட்டார். ரேடியோவில் அழுதார். மனைவி சூசனை அழைத்துக்கொண்டு கிழக்குப் பக்கத்துச் சர்ச்சுகளுக்கெல்லாம் போனார். வெர்டெலின் சர்ச்சுக்கு வந்தபோது, பாடல் பாதியில் அவள் எழுந்து வெளியே போனாள்; அவளுக்குப் பின்னால் மூன்று வரிசை எழுந்து போனது.

டெல்ஃபின் நானூற்று முப்பத்திரண்டு ஓட்டில் ஜெயித்தாள்.

அதோடு முடியவில்லை. செப்டம்பரில் அரசு வக்கீல் ட்ராமல் மேலும் லாமர் மேலும் குற்றப்பத்திரிகை போட்டார். இரண்டு பேருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டனை சொல்வதற்கு முன்னால், பாதிக்கப்பட்டவர்கள் நீதிபதிக்குக் கடிதம் எழுதலாம் என்றார்கள். கருணை காட்டச் சொல்லி வெர்டெல் எழுதினால் ட்ராமல் ஜெயிலுக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்று ஊரில் பேச்சு. ஒரு சனிக்கிழமை அவள் சர்ச்சின் பாஸ்டர் ஹோலிஸ் வீட்டுக்கு வந்தார். வெர்டெல் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டி வைத்தாள்.

“சிஸ்டர் மிம்ஸ், ட்ராமல் சம்சாரம் வந்துட்டுப் போனாங்க. மனுஷன் பாதியா இளைச்சுட்டாராம். வீட்டை விலைக்குப் போட்டிருக்காங்க.”

“பாத்தேன். பலகை நட்டிருக்கு. தினம் அந்த வழியாத்தான் போறேன்.”

“அது உங்க வழி இல்லையே.”

“இல்லைதான். சுத்திப் போறேன்.”

பாஸ்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “நாலு வரி எழுதுங்க. அவருக்காக இல்லை, உங்களுக்காக. நெஞ்சுல இதைச் சுமந்துட்டு எத்தனை நாள்?”

வெர்டெல் எழுந்து உள்ளே போய், ஒரு உறையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். ஒட்டாத உறை. பாஸ்டரின் முகம் மலர்ந்தது. பிரித்துப் படித்தார். அதில் நாலே வரிகள் இருந்தன. “லாமர் ஷெல்நட் பொய் சொன்னான். பிறகு உண்மையைச் சொன்னான். அவன் அம்மாவை வைத்து நான் அவனைப் பயமுறுத்தியதால் சொன்னான். அது என் தப்பு, அதற்காக அவனுக்குத் தண்டனையைக் குறைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

பாஸ்டர் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“ட்ராமல் பேரு எங்கேயும் இல்லையே.”

“இல்லை.”

“மன்னிக்க முடியாதா?”

“ஆர்டிஸ் கேட்டா மன்னிப்பேன். அவரு கேக்கலை. சாகறதுக்கு முந்தின நாள்கூட, ‘டெல், அவன் ஜெயிச்சுட்டான்ல’ன்னுதான் கேட்டாரு. ஒரு நிமிஷம் மனசு எளகும், பாஸ்டர். ராத்திரி போர்வையை இழுக்கறப்ப எளகும். உடனே அந்தக் குரல் கேக்கும்.”

“அவர் ஜெயிலுக்குப் போனா மனசு ஆறிடுமா?”

வெர்டெல் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை.

“ஆறாதுன்னு நினைக்கறேன். ஆனா போகட்டும்.”

பாஸ்டர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். வெர்டெல் அவர் தட்டை இழுத்து, கேட்காமலே இன்னொரு துண்டு பலகாரத்தை வைத்தாள்.